காலியாக இருக்கும் ஒரு கட்டம் பற்றி அக்காவுக்கு

லோன் பைன், மினசோட்டா
அக்டோபர் 26, ஞாயிறு, மதியம் இரண்டு மணி

என் மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய அக்கா மார்லிஸுக்கு,

தம்பி ஆர்லின் எழுதுவது. இடது இடுப்பு நீங்கலாக நான் இங்கே நலம். பிஸ்மார்க்கில் நீயும் உன் முழங்காலும் உன் பூனையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் இரண்டு முறை உனக்கு போன் செய்தேன். இரண்டு முறையும் உங்கள் ஊரில் காற்று எப்படி என்று கேட்டேன், நீ பலமாக அடிக்கிறது என்றாய், நான் இங்கேயும் அப்படித்தான் என்றேன், வைத்துவிட்டோம். நான் சொல்ல வந்தது காற்றைப் பற்றி அல்ல. அதனால்தான் இந்தக் கடிதம். எழுதும்போது எதிரில் யாரும் மூச்சு விடுவது கேட்காது, எனக்கு அது வசதி.

விஷயம் இதுதான். எங்கள் லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளச் சமையலறையிலிருந்து வயதானவர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறோம் அல்லவா, மொத்தம் எண்பத்து நான்கு பேர். அவர்கள் பெயரெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு பட்டியலாக இருக்கிறது. ஆளுக்கு ஒரு வரி, வரிக்குள் கட்டம் கட்டமாக விவரங்கள். அதில் ஒரு கட்டம், கதவைத் தட்டியும் திறக்காவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது. நவம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து அந்தக் கட்டம் காலியாக இருப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கக்கூடாது என்று கவுண்ட்டி அலுவலகம் சொல்லிவிட்டது. பனிக்காலத்தில் ஒரு வீட்டில் கதவு திறக்காமல் போய், கேட்பதற்கும் ஆளில்லாமல் போனால் பிறகு பேசிப் பயனில்லை, அவர்கள் சொல்வதும் நியாயம்தான். இந்தக் கடிதத்தை நான் எழுதும்போது எண்பத்து மூன்று கட்டம் நிரம்பிவிட்டது. ஒன்று மட்டும் காலி. வெள்ளிக்கிழமைக்குள் அது நிரம்பாவிட்டால் அந்த ஆளுக்குச் சாப்பாடு நின்றுவிடும். அது சம்பந்தமாக உன்னிடம் ஒரு சின்ன விஷயம் கேட்க வேண்டும், கடைசியில் கேட்கிறேன். நடந்ததை முதலில் சொல்கிறேன், இல்லாவிட்டால் உனக்குப் புரியாது.

சமையலறையை நடத்துவது டியான் லின்ட்ஸ்ட்ரோம். தபால்காரர் லாய்டின் மகள், உனக்கு நினைவிருக்கும், இப்போது அவளுக்கே அறுபது. செப்டம்பர் மாதம் ஒரு நாள் அவள் அடுப்பில் வேக வைக்கும் உருளைக்கிழங்கு ஹாட்டிஷுக்குக் கலவையைக் கிண்டிக்கொண்டே என்னிடம், காலியாக இருப்பவர்களை மட்டும் தனியாக எடுத்துக் காட்டும்படி பட்டியலை வடிகட்ட முடியுமாம், எனக்குக் கை ஒழியவில்லை, நீங்கள் செய்வீர்களா என்று கேட்டாள். முப்பத்தோரு வருஷம் இந்தக் கவுண்ட்டியின் பனி தள்ளும் லாரியை ஓட்டியவன் நான். இரண்டு பக்கமும் ஒன்றும் தெரியாத வெள்ளையில் சாலை எங்கே என்று கண்டுபிடித்தவனுக்கு ஒரு காலிக் கட்டத்தைக் கண்டுபிடிக்க முடியாதா என்று உட்கார்ந்தேன். வடிகட்டுவதற்கு அது மூன்று கேள்வி கேட்கிறது. எந்தக் கட்டம் என்றது, 'யாரைக் கூப்பிட வேண்டும்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். எப்படி என்றது, அதுவே கொடுத்த வரிசையில் 'சமம்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். எதற்குச் சமம் என்று ஒரு பெட்டியைக் காட்டியது. நான் அதில் தெளிவாக, எழுத்துப் பிழையில்லாமல், 'காலி' என்று அடித்தேன்.

ஒருவர் பெயரும் வரவில்லை. பூஜ்யம் என்று காட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, அக்கா. நம் ஊர்க்காரர்கள் எவ்வளவு பொறுப்பானவர்கள், ஒருவர்கூடக் காலியாக விடவில்லை என்று டியானிடம் சொன்னேன். அவள் கவுண்ட்டிக்கு எழுதிவிட்டாள். அவர்கள் சும்மா இருக்கவில்லை, மாதப் பத்திரிகையில் எங்கள் சமையலறைதான் நூற்றுக்கு நூறு நிரப்பிய ஒரே சமையலறை என்று போட்டு, நான் கரண்டியும் கையுமாக நிற்கும் படத்தையும் போட்டுவிட்டார்கள். உனக்கும் ஒரு பிரதி அனுப்பினேனே, அதுதான். நீ அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தால் தயவுசெய்து எடுத்துவிடு.

ஏனென்றால் இம்மாதம் எட்டாம் தேதி வெர்னா ஸ்டென்ஸ்ருட் வீட்டுக் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. வெர்னாவுக்கு எண்பத்தெட்டு. கார் நிற்கிறது, திரைச்சீலை மூடியிருக்கிறது, உள்ளே ரேடியோ பாடுகிறது, ஆள் சத்தம் இல்லை. டியானைக் கூப்பிட்டு, வெர்னாவுக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று பட்டியலைப் பார்த்துச் சொல் என்றேன். காலியா இருக்கு ஆர்லின் என்றாள். நூற்றுக்கு நூறு வாங்கிய படத்தில் சிரித்துக்கொண்டிருந்த என் முகம் அப்போது எனக்கு நினைவு வந்தது. வேறு வழியில்லாமல் ஷெரிப் அலுவலகத்துக்குச் சொன்னேன். இருபது நிமிஷத்தில் ஒரு டெபுடி வந்தார், மலை மாதிரி உடம்பு. நானும் அவரும் மரியாதையாக இன்னும் நான்கு முறை தட்டினோம். பிறகு அவர் தோளால் மோதினார். கதவு கீலோடு பிடுங்கிக்கொண்டு சமையலறைக்குள் விழுந்தது. அது பூட்டவே இல்லை, அக்கா. இந்த ஊரில் யார் பூட்டுகிறார்கள்? ஆனால் கூப்பிடாமல் பிறர் வீட்டுக் கதவைத் திருகிப் பார்ப்பது மரியாதை இல்லையே என்று நாங்கள் இருவருமே கைப்பிடியைத் தொடவில்லை.

அப்போது கூரை மேலிருந்து குரல் வந்தது. "ஏண்டா ஆர்லின், கதவு தெறந்துதானடா இருக்கு?"

வெர்னா ஏணி போட்டு ஏறி, கூரையோரத் தண்ணீர்க் குழாயில் அடைத்திருந்த இலைகளை வாரிக்கொண்டிருந்தார். நான் முதலில் தட்டியதே அவருக்குக் கேட்டிருக்கிறது. பதில் சொன்னால் இறங்கி வந்து காபி போட வேண்டுமே, இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கிறதே என்று பேசாமல் இருந்தாராம். அப்புறம் இறங்கி வந்து, விழுந்து கிடந்த கதவைத் தாண்டிப் போய், எங்களுக்குக் காபி போட்டார். டெபுடி மூன்று முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு கோப்பை குடித்தார். யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தை ஏன் எழுதாமல் விட்டீர்கள் என்று கேட்டேன். பக்கத்து ஊரில் தங்கை மகள் இருக்கிறாளாம், ஆனால் அவள் பெயரை எழுதிவிட்டால் அவளுக்கு அது ஒரு பாரமாக இருக்குமே என்றார். எழுதாவிட்டால் டெபுடிக்குப் பாரம் இல்லையா என்று நான் கேட்கவில்லை. அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கவுண்ட்டி அலுவலகத்துக்கு போன் செய்தேன். மாய் யாங் என்று ஒரு பெண், பொறுமையின் உருவம். நான் அடித்ததைச் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை, அதற்காகவே அவளுக்கு ஒரு தட்டு லெஃப்ஸா ரொட்டி அனுப்பப்போகிறேன். காலி என்கிற சொல்லை யாராவது அந்தக் கட்டத்தில் எழுதி வைத்திருந்தால்தான் கம்ப்யூட்டர் அவர்களைக் காட்டும், நம் ஊரில் அப்படி யாரும் எழுதவில்லை, அதுதான் பூஜ்யம் என்று விளக்கினாள்.

"சமம்னு வச்சுட்டு, அந்தக் கடைசிப் பெட்டியில ஒண்ணுமே எழுதாதீங்க சார். அப்படியே விட்டுட்டு வடிகட்டுங்கன்னு அழுத்துங்க."

"ஒண்ணுமே எழுதாம எப்படிம்மா? நான் என்ன தேடுறேன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க ஒண்ணுமே எழுதலைன்னா, ஒண்ணுமே எழுதாதவங்களைத் தேடுறீங்கன்னு அதுக்குத் தெரியும்."

யோசித்துப் பார். பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாத கேள்விக்குக்கூட ஏதாவது எழுதி வைத்தவன் நான். வரிப் படிவத்தில் 'பொருந்தினால் மட்டும்' என்று போட்ட இடத்திலும் 'பொருந்தவில்லை, நன்றி' என்று எழுதுகிறவன். பெட்டியைப் பார்த்தால் விரல் தானாகப் போகிறது. டியான் என் பின்னால் வந்து நின்று, கையை மடியில் வைங்க என்று அதட்டி, அவளே வடிகட்டுங்கள் என்பதை அழுத்தி, உடனே பட்டியலின் கடைசிக்கு நகர்த்தினாள். இருபத்து மூன்று பேர் வந்து நின்றார்கள். திரை முழுக்க வரிசையாக வெறும் கட்டம். பார்க்க என்னவோ போல் இருந்தது, அக்கா. எல்லோரும் நமக்குத் தெரிந்தவர்கள். ஒவ்வொருவரிடமும் தினம் காற்றைப் பற்றிப் பேசுகிறேன்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. டியான் முழுப் பட்டியலையும் ஒரு முறை கண்ணால் ஓட்டிப் பார்த்தாள். இன்னும் ஒன்பது பேர் அந்தக் கட்டத்தைக் காலியாக விடவில்லை, ஆனால் பெயரும் எழுதவில்லை. காலியாக விட்டால் கேட்டவர் மனம் புண்படுமே என்று ஏதோ ஒன்றை எழுதியிருக்கிறார்கள். ஒருவர் 'எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, கேட்டதற்கு நன்றி' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் ஒரு புள்ளி வைத்திருந்தார். ஒரு அம்மாள், 'செவ்வாய்க்கிழமை வேண்டாம், அன்று தலைக்குக் குளிப்பேன்' என்று எழுதியிருந்தார். கிளேட்டன் ஓபர்க் தன் நாயின் பெயரை எழுதியிருந்தார். கட்டத்தில் ஏதோ இருப்பதால் கம்ப்யூட்டர் இவர்களைக் காலி என்று சொல்லாது. அந்த ஒன்பதையும் அழித்துக் காலியாக்கிவிட்டு மறுபடி வடிகட்டினால்தான் யாரும் விட்டுப்போகாமல் ஒரே இடத்தில் வருவார்கள் என்றாள் டியான். நிரப்பச் சொன்ன வேலையில் நாங்கள் உட்கார்ந்து காலி செய்துகொண்டிருந்தோம். முப்பத்திரண்டு ஆனது. ஆளுக்குப் பாதி, பெயர் வரிசையில் முதல் பாதியை நான் பார்த்துக்கறேன், நீங்க பின் பாதியைப் பாருங்க என்றாள். அந்த முதல் பக்கத்தை எனக்குக் காட்டவும் இல்லை. முதல் பாதியில் காது கேட்காதவர்கள் அதிகமாக இருப்பார்கள், பாவம், எனக்காகச் சுமக்கிறாள் என்று நினைத்தேன்.

என் பங்குக்குப் பதினாறு பேர். போனில் கேட்டால் நம் ஆட்கள் எப்படி என்று உனக்குத் தெரியும். முதல் தடவை கேட்டால் வேண்டாம், எனக்கென்ன ஆகப்போகிறது என்பார்கள். இரண்டாம் தடவை, மகன் இருக்கிறான், ஆனால் அவனுக்கு வேலை அதிகம் என்பார்கள். மூன்றாம் தடவை கேட்டால்தான் பெயர் வரும். அப்போதும், எழுதிக்கோ, ஆனா அவன்கிட்டச் சொல்லிடாதே என்பார்கள். யாரைக் கூப்பிட வேண்டுமோ அவருக்கே தெரியாமல் அவரைக் கூப்பிட வேண்டுமாம். பிறகு நடந்ததைக் கேள். கிளேட்டனை மூன்றாம் தடவையாகக் கேட்டபோது அவர் கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமினார்.

"உன் பேரையே போட்டுக்கயேன் ஆர்லின். தெனம் நீதானே வர்ற? நான் விழுந்து கெடந்தா மொதல்ல பாக்கப்போறதும் நீதான். உனக்குத் தொந்தரவு இல்லைன்னா."

தொந்தரவு இல்லை என்று எழுதிக்கொண்டேன். அடுத்தவரும் அதையே சொன்னார். வெர்னாவும், தங்கை மகளை விட்டுவிட்டு, கதவை உடைக்க ஆள் கூட்டி வந்தவன் நீதானே, உன் பெயரையே போடு என்றுவிட்டார். பதினாறில் பதினொரு பேர் என் பெயரைச் சொன்னார்கள், அக்கா. ஒரே ஆள் பதினொரு பேருக்கு இருக்கலாமா என்று மாய் யாங்கைக் கேட்டேன். கூடாது என்று விதியில் இல்லை, ஆனால் அந்த ஆள் பட்டியலில் இருந்தால் அவருக்கும் யாராவது ஒருவர் இருக்க வேண்டும் என்றாள். நான் பட்டியலில் இல்லையே, நான் கொண்டுபோய்க் கொடுக்கிறவன் என்றேன். கீபோர்டில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, டியான் கிட்ட ஒரு தடவை பேசிடுங்க சார் என்றாள்.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை சாப்பாடெல்லாம் போன பிறகு, டியான் பெரிய வறுவல் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, நானே போய் உட்கார்ந்தேன். சமம் என்று வைத்தேன். கடைசிப் பெட்டியை வெறுமையாக விட்டேன், கையை மடியில் வைத்துக்கொண்டேன், பிறகு அழுத்தினேன். ஒரே ஒரு வரி வந்தது. ஹௌகென், ஆர்லின். வயது எழுபத்து மூன்று. தனியாக இருக்கிறார். வாரம் ஐந்து நாள், உப்புக் குறைவாக.

ஏப்ரலிலிருந்து தினமும் வேலை முடிந்து கிளம்பும்போது டியான் ஒரு மூடிய தட்டைக் கையில் கொடுப்பாள். மிஞ்சிடுச்சு, குப்பையிலதான் போகும், எடுத்துட்டுப் போங்க என்பாள். நானும் அவளுக்கு உதவுவதாக நினைத்து எடுத்துப் போவேன். ஜூன் மாதம் ஒரு நாள் அவளை உட்கார வைத்து, தினம் சரியாக ஒரு தட்டு மிஞ்சுகிறது என்றால் எங்கோ எண்ணிக்கையில் தப்பு இருக்கிறது, கவனமாக இரு என்று அரை மணி நேரம் புத்தி சொன்னேன். அவள் சரி என்று தலையாட்டினாள். எனக்கு எப்போதும் எண்பத்து மூன்று வீடுதான் கணக்கில் வரும், எண்பத்து நான்காவது வீட்டை எங்கோ விட்டுவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அது என் வீடு.

உண்மையைச் சொல்கிறேன், அக்கா, எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. அப்புறம் அந்த வெறும் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் லோர்னா கண்ணை மூடிய பிறகு எந்தப் படிவத்திலும் அந்த இடத்துக்கு வந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. நாற்பத்து நான்கு வருஷம் அங்கே எழுத ஒரே பெயர்தான் இருந்தது, யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மற்றவர்களிடம் மூன்று தடவை கேட்டு வாங்கிய எனக்கு என்னிடம் கேட்க ஒரு தடவைகூட வாய் வரவில்லை. என் பெயரையே எழுதிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது, டியான் ஏற்றுக்கொள்ளவில்லை, அழித்துவிட்டாள்.

ஆகவே உன்னிடம் கேட்க வந்த சின்ன விஷயம் இதுதான். அந்தக் கட்டத்தில் எழுத ஒரு பெயர் வேண்டும். உனக்குத் தெரிந்த யாராவது இருந்தால் சொல். தொந்தரவாக நினைக்காதவராக இருக்க வேண்டும். நம்மைக் கொஞ்ச காலமாகத் தெரிந்தவராக இருந்தால் நல்லது. பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, ஐந்து மணி நேரத் தூரத்தில் இருந்தாலும் போன் எடுத்தால் போதும் என்று மாய் யாங் சொல்கிறாள். வயது எழுபத்தெட்டு இருந்தாலும் பரவாயில்லையாம். யாரும் நினைவுக்கு வராவிட்டால் ஒன்றும் கவலைப்படாதே. நான் மறுபடி பட்டாணி டின்னும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொள்வேன், அதிலும் சத்து இருக்கிறது. அல்லது கிளேட்டனின் நாய் எப்படியும் சும்மாதான் இருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை. வெர்னாவின் கதவை நானும் டெபுடியும் சனிக்கிழமை சரி செய்து மாட்டினோம். அவர் இப்போது அதைப் பூட்டுகிறார், சாவி என்னிடம் ஒன்று இருக்கிறது. உன் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்க மறக்காதே. படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள். கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும், வாசலில் நிற்கும் அந்தப் பழைய பியூக் காரையும் இந்தப் பனிக்காலம் முழுக்கக் காப்பாராக. பூனைக்கு என் விசாரிப்பு.

என்றும் உன் அன்பை மறவாத தம்பி,
ஆர்லின்

பின்குறிப்பு: திங்கள் காலை. இன்னும் தபாலில் போடவில்லை, சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். யாராவது தெரிந்தால் சொல்லச் சொல்லி அக்காவுக்கு எழுதியிருக்கிறேன் என்று டியானிடம் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நீங்க இந்தப் பட்டியலை வலது பக்கம் நகர்த்திப் பார்த்ததே இல்லையா என்று கேட்டாள். இல்லை. திரையோடு முடிந்துவிடுகிறது என்று நினைத்திருந்தேன். நகர்த்தினாள். அங்கே இன்னும் இரண்டு கட்டம் இருக்கிறது. 'சேர்க்கச் சொன்னவர்' என்ற கட்டத்தில், ஏப்ரல் 22, மார்லிஸ், அக்கா, பிஸ்மார்க் என்று இருக்கிறது. அதற்கு இரண்டு நாள் முன்பு, ஈஸ்டர் அன்று, ராத்திரிக்கு என்ன சாப்பிட்டாய் என்று நீ போனில் கேட்டதும், பட்டாணி டின் என்று நான் சொன்னதும் நினைவு வந்தது. அடுத்தது 'குறிப்பு'. நீ போனில் சொல்லச் சொல்ல டியான் அப்படியே அடித்திருக்கிறாள்:

"கேட்டா வேண்டாம்பான். மிஞ்சிடுச்சுன்னு சொல்லிக் குடுங்க. யாரைக் கூப்பிடணும்ங்கிற எடத்துல என் பேரை நீங்க போட்டுடாதீங்க, அதைக் காலியாவே விடுங்க. லோர்னா போனதுல இருந்து அவன் என்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. இதையாவது அவன் வாயால கேக்கட்டும். எத்தனை நாள் ஆனாலும் நான் இருக்கேன்."

ஆறு மாதம் காத்திருக்கிறாய், அக்கா. அதில் இரண்டு முறை நான் காற்றைப் பற்றிப் பேசிவிட்டு வைத்திருக்கிறேன். டியான் எதிரில் நிற்கிறாள், கட்டம் திறந்திருக்கிறது, நான் இன்னும் எதையும் எழுதவில்லை. எனக்கு ஏதாவது ஆனால் உன்னைக் கூப்பிடச் சொல்லட்டுமா?